புதிய அரசாங்கத்துக்கு எத்தனை புள்ளி? நெருக்கடிக்குப் பிந்திய இலங்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றார். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பிடித்தது. அன்று முதல் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்தில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: “எப்படி, இவர்கள் பரவாயில்லையா?” அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் சிறு கேள்விகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். பேச்சு பெரும்பாலும் முதல் ஆண்டைப் பற்றியது.

நூறு நாளில் ஓர் அரசாங்கத்தை எடைபோட முடியுமா?

நூறு நாள் என்பது அமெரிக்காவில் 1933 இல் ரூஸ்வெல்ட் காலத்தில் பிறந்த கணக்கு. நம் ஊரிலும் 2015 இல் மைத்திரிபால சிறிசேன “நூறு நாள் வேலைத்திட்டம்” என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அது எப்படி முடிந்தது என்று நினைவுள்ளவர்கள் இந்த அளவுகோலை மறுபடி கையில் எடுக்க மாட்டார்கள்.

இன்னும் நல்ல உதாரணம் 2019. கோட்டாபய ராஜபக்ச நவம்பரில் பதவிக்கு வந்தார். டிசம்பரிலேயே வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. சம்பளத்தில் மாதாமாதம் கழித்த வரியும் அடுத்த மாதமே போனது. இளைஞர்கள் நகரச் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். நூறாவது நாளில் புள்ளி கேட்டிருந்தால் பாதிப் பேர் எண்பதுக்கு மேல் போட்டிருப்பார்கள். அந்த வரிக் குறைப்பினால் அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு விழுந்தது. வெளிச்சந்தையில் நமக்குக் கடன் தர ஆளில்லாமல் போனது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. எரிவாயு வரிசையில் நின்றபோது யாருக்கும் அந்த டிசம்பர் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே நூறு நாளில் எடைபோட முடியும். ஆனால் மக்களுக்குக் கிடைத்ததை வைத்துப் போடக்கூடாது. அரசாங்கம் எதில் கையெழுத்து வைத்தது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. 2022 இல் பெற்றோல் வரிசையில் பொழுது போகாமல் எழுதத் தொடங்கியது. ஜூன் கடைசியில் “92 ஒக்டேன், லீற்றர் 470” என்று கோணல்மாணலாக ஒரு வரி இருக்கும். இப்போது அதில் மூன்று நிரல் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் நிரல் முதுசம்: முன்னையவர்கள் விட்டுச்சென்ற நல்லதும் கெட்டதும். இரண்டாவது அதிர்ஷ்டம்: உலகச் சந்தை, மழை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசு. மூன்றாவது சொந்த வேலை. ஒவ்வொரு செய்தியையும் இந்த மூன்றில் ஒன்றில் போட்டே ஆக வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன்.

முதல் ஆண்டில் நிரம்பி வழிந்தது முதல் நிரல்தான்.

அப்படி என்ன முதுசம்?

கெட்டதைச் சொல்லத் தேவையில்லை. நல்லதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்த பணவீக்கம், அநுர பதவியேற்ற மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் மூன்று பில்லியன் டொலர் அளவிலான நான்காண்டுத் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. இந்தியா, ஜப்பான் முதலிய கடன் தந்த நாடுகளுடனும் சீனாவின் எக்சிம் வங்கியுடனும் 2024 ஜூனில் உடன்பாடு முடிந்திருந்தது. அரசின் பிணைமுறி (கடன் பத்திரம்) வைத்திருந்த தனியாருடன் கொள்கை இணக்கம் அறிவிக்கப்பட்டது செப்டெம்பர் 19 அன்று, அதாவது வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு.

இவற்றைச் செய்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்கு மக்கள் மூன்றாம் இடத்தைத்தான் கொடுத்தார்கள். அது வேறு கதை. வற் வரியை 18 சதவீதமாக்கியவரை யார் கொண்டாடுவார்கள்?

நாணய நிதிய ஒப்பந்தத்தை மாற்றுவோம் என்று மேடையில் சொன்னவர்கள் அதையே தொடர்கிறார்களே, இது ஏமாற்று இல்லையா?

மேடைப் பேச்சின்படி பார்த்தால் ஏமாற்றுதான். நாட்டால் எவ்வளவு கடன் தாங்க முடியும் என்ற கடன் நிலைத்தன்மைக் கணக்கையே வேறுவிதமாகப் போடுவோம் என்றார்கள். வந்த இரண்டாவது மாதமே நிதியத் திட்டத்தின் மூன்றாவது மீளாய்வுக்கு அதிகாரிகள் மட்ட இணக்கம் கண்டார்கள். டிசம்பரில் பிணைமுறிப் பரிமாற்றத்தையும் முன்னையவர் பேசிய வடிவிலேயே முடித்தார்கள். கடன் தகுதியை எடைபோடும் நிறுவனங்களான மூடிஸும் பிட்சும் அந்த மாதமே தரப்படுத்தலை உயர்த்தின.

ஆனாலும் நான் இதற்கு மூன்றாவது நிரலில் நல்ல புள்ளியே போட்டேன். அறுபது ஆண்டு இடதுசாரி வரலாறுள்ள ஜே.வி.பி.யை மையமாகக் கொண்ட கூட்டணி ஒன்று கையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைக் கிழித்திருந்தால் தெருவில் கைதட்டல் கிடைத்திருக்கும். ரூபாய் என்ன ஆகியிருக்கும் என்பதை 2022 ஐப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னதை மாற்றிக்கொண்டார்கள் என்பது என் குறையல்ல. ஏன் மாற்றினோம் என்று வாக்களித்தவர்களை உட்கார்த்தி விளக்கவில்லை என்பதுதான் குறை. நாடாளுமன்றத்தில் ஒருமுறை “இனிப் பேச நேரமில்லை” என்ற தோரணையில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே என்றார்கள். கடையில் விலை குறையவில்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் படித்தவர்களும் உண்டு, ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு பொருள் நெருக்கடிக்கு முன் நூறு ரூபாய் என்று வையுங்கள். ஓராண்டில் 70 சதவீதம் ஏறினால் 170. அடுத்த ஆண்டு பணவீக்கம் 6 சதவீதத்துக்கு “இறங்கியது” என்று செய்தி வரும், விலையோ 180. அதற்கடுத்த ஆண்டு மறைப் பெறுமதி 4 என்றால், மத்திய வங்கி அறிக்கையில் அது விலைச் சரிவு. உங்கள் கையில் 173 ரூபாய்ப் பொருள். பணவீக்கம் என்பது பஸ்ஸின் வேகம். வேகம் குறைந்தால் பஸ் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்துவிடாது.

2025 பெப்ரவரியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்பிருந்ததை விட 4.2 சதவீதம் கீழே நின்றது. அதில் பெரும் பங்கு மின்கட்டணமும் எரிபொருளும். அதே மாதங்களில் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தாண்டியது. சம்பல் அரைக்கிறவர் சுட்டெண்ணை நம்பவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே “விலையைப் பழையபடி கொண்டுவந்தார்களா?” என்று கேட்காதீர்கள்; எந்த அரசாங்கத்தாலும் அது ஆகாது. வருமானம் அந்த 173ஐ எட்டிப்பிடிக்கிறதா என்று கேளுங்கள்.

2024 இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. நல்ல எண்தானே?

நல்ல எண். ஆனால் பள்ளத்திலிருந்து அளந்த எண். 2021 ஐ நூறு என்றால், 2022 இல் 7.3 சதவீதம் சுருங்கி 92.7. 2023 இல் இன்னும் 2.3 சதவீதம் போய் 90.6. அதில் 5 சதவீதம் வளர்ந்தால் 95. மறுபடி ஒரு 5 சேர்ந்தால்தான் விழுந்த இடத்தையாவது தொடலாம். தவிர, 2024 இன் முதல் ஒன்பது மாதங்கள் இந்த அரசாங்கத்தின் கணக்கில் வராது. உலக வங்கியின் கணிப்பில் 2024 இல் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். நெருக்கடிக்கு முன்பிருந்ததைப் போல் இரு மடங்கு. வளர்ச்சி எண்ணோடு இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மின்கட்டணத்தை ஜனவரியில் குறைத்து ஜூனில் கூட்டினார்களே, என்னதான் நடந்தது?

இதை நன்றாகக் கவனித்தால் ஓர் அரசாங்கத்தின் முதல் ஆண்டு முழுவதும் தெரிந்துவிடும்.

மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்றுதான் கேட்டது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கணக்கைப் பார்த்து, 2025 ஜனவரி 17 முதல் சராசரி 20 சதவீதம் குறைத்தது. அமைச்சர்கள் அதைத் தம் சாதனைபோல் பேசினார்கள். மழை பெய்து நீர்மின் நிலையங்கள் ஓடியது அதிர்ஷ்ட நிரல். ஆணைக்குழு சுயாதீனமாக முடிவெடுத்தது நல்ல விடயம், ஆனால் அது அரசாங்கத்தின் விடயமே அல்ல. செலவுக்கு ஈடாகக் கட்டணம் இருக்க வேண்டும் என்பது நாணய நிதியத்தின் நிபந்தனை. அந்த ஈடு குலைந்தது. நான்காவது மீளாய்வு பணிப்பாளர் சபைக்குப் போகுமுன் கட்டணத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று நிதியம் நின்றது. ஜூன் 12 அன்று 15 சதவீதம் ஏறியது. ஜூலை 1 அன்று மீளாய்வு நிறைவேறியது. ஒக்டோபரில் மின்சார சபை மேலும் 6.8 சதவீதம் கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது.

கணக்குப் பாருங்கள்: நூறு ரூபாய் பில் எண்பதாகி, அதில் 15 சதவீதம் ஏறி, 92 ஆனது. ஆண்டுக் கணக்கில் எட்டு ரூபாய் இலாபம்தான். ஆனால் வீட்டில் நினைவில் நிற்பது ஜூன் மாத பில். அரசாங்கம் மேல் வருத்தம் இருக்க வேண்டிய இடம் ஏற்றம் அல்ல. ஜனவரியில் “இது நிலைக்காமல் போகலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மாலை வாங்கிக்கொண்டதுதான்.

பெப்ரவரியில் நாடு முழுவதும் இருண்டதே, அது எந்த நிரல்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்தது என்றார் அமைச்சர். குரங்கு அதிர்ஷ்ட நிரலில். ஒரு குரங்கால் ஒரு நாடே இருளும் அளவுக்கு வலுவிழந்த மின்கட்டமைப்பு முதுசம். குரங்கோடு விளக்கத்தை நிறுத்திக்கொண்டது சொந்த வேலை.

அரிசி, உப்புத் தட்டுப்பாடு?

இங்கே சாக்குக் கிடையாது. 2024 கடைசியில் அரிசிக்கு அதிகபட்ச சில்லறை விலையை வர்த்தமானியில் போட்டார்கள். விலை வர்த்தமானியில் இருந்தது, நாட்டரிசி கடையில் இல்லை. பெரிய ஆலைக்காரர்களிடம் எவ்வளவு நெல் இருக்கிறது என்று அரசாங்கத்திடம் நம்பகமான கணக்கு இல்லை என்பது அப்போது வெளிச்சமானது. இறக்குமதி அனுமதியும் தாமதமாகவே வந்தது. 2025 நடுவில் உப்பு. சுற்றிவரக் கடல் உள்ள தீவு உப்பை இறக்குமதி செய்தது. மழையால் உப்பளங்கள் கெட்டது உண்மைதான். ஆனால் கெட்டுப்போகிறது என்பது தெரிந்த நாளுக்கும் கப்பல் வந்த நாளுக்கும் இடையிலிருந்த இடைவெளி, நிர்வாகத்தில் பழக்கமில்லாத கைகளின் இடைவெளி.

திறைசேரியில் பணம் சேர்ந்திருக்கிறதாமே, வரவுசெலவுத் திட்டம் எப்படி?

2025 இல் வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது இலக்கு. வருமானப் பக்கம் நன்றாகவே ஓடியது. ஆனால் இரண்டு அடிக்குறிப்பு வேண்டும்.

ஒன்று, வாகனம். 2020 இல் மூடிய இறக்குமதியை 2025 பெப்ரவரி 1 அன்று திறந்துவிட்டார்கள். ஐந்தாண்டு ஏக்கம் துறைமுகத்தில் வந்து இறங்கியது, வரி கொட்டியது. அடைத்துவைத்த தண்ணீர் திறந்தவுடன் பாயும் வேகத்தை ஆற்றின் வேகம் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு, செலவழிக்காத பணம். வீதி, பாடசாலைக் கட்டடம், நீர்ப்பாசனம் என்று ஒதுக்கிய மூலதனச் செலவு ஒதுக்கிய வேகத்தில் போகவில்லை. நாணய நிதியமே அதைக் குறையாகச் சொன்னது. கையெழுத்து வைத்தால் பிற்காலத்தில் விசாரணை வருமோ என்று அதிகாரிகள் கோப்பைத் தள்ளிவைப்பதும் இதில் உண்டு. மிச்சம் பிடித்தார்கள் என்ற புகழுக்குள் செய்யாமல் விட்ட வேலை எவ்வளவு என்று கேளுங்கள். நான் முதல் ஆண்டில் மிகக் குறைந்த புள்ளி போட்டது இதற்குத்தான்.

முதல் ஆண்டில் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு ஆறு பில்லியன் டொலர். பயமில்லையா?

2022 மே மாதம் எடுத்துச் செலவழிக்கக்கூடிய டொலர் ஐந்து கோடிகூட இல்லை. அதோடு ஒப்பிட்டால் பயமில்லை. ஆனால் அந்த ஆறில் ஏறத்தாழ ஒன்றரை, சீன மக்கள் வங்கியின் நாணயப் பரிமாற்று வசதி. நிபந்தனையோடு வரும் பணம். மிச்சத்தில் மத்திய கிழக்கில் வேர்வை சிந்துகிறவர்களுடைய பங்கும் உண்டு. அவர்களை மூன்றாவது நிரலில் எந்த அரசாங்கமும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஊழல் ஒழிப்பில் எப்படி?

பழைய ஜனாதிபதிகளின் சலுகைகளை 2025 செப்டெம்பரில் சட்டம் போட்டு நீக்கினார்கள். மகிந்த ராஜபக்ச விஜேராம மாவத்தை வீட்டை விட்டுப் போனார். ஓகஸ்டில் ரணில் கைதாகிப் பிணையில் வந்தார். குற்றச் செயல்களால் வந்த சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டம் ஏப்ரலில் நிறைவேறியது. மூன்றில் எது பெரியது என்று கேட்டால் கடைசியைத்தான் சொல்வேன், தொலைக்காட்சியில் அதற்குத்தான் குறைந்த நேரம் கிடைத்தது. கைது செய்தியாகும், தீர்ப்பு வரும்வரை அது சாதனைக் கணக்கில் வராது.

ஊழலைப் பிடிக்க வேண்டிய முதல் ஆள் கணக்காய்வாளர் நாயகம். அந்தப் பதவி 2025 இல் மாதக்கணக்காக நிரந்தர நியமனம் இல்லாமல் இழுபட்டது. இதைப் பற்றி வீதியில் யாரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

சம்பளம்? குறிப்பாகத் தோட்டத்தில்?

அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆகும் என்று 2025 பெப்ரவரியில் அறிவித்தார்கள்; மூன்று கட்டமாக. வருமான வரி தொடங்கும் எல்லை மாதம் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமானது. இரண்டும் நல்லவை; இரண்டும் மாதச் சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கானவை.

தோட்டத்தில் 1,700 ரூபாய் நாட்சம்பளம் என்பது எத்தனை மேடை கண்ட எண் என்று மலையகத்தில் கேளுங்கள். 2024 தேர்தலுக்குச் சில நாட்கள் முன் 1,000 இலிருந்து 1,350 ஆக்கினார்கள். புதிய அரசாங்கம் முதல் வரவுசெலவுத் திட்டத்தில் 1,700 என்றது; அந்த ஆண்டு முழுவதும் கைக்கு வரவில்லை. நவம்பரில் வந்த இரண்டாவது திட்டத்தில்தான் வழி தெரிந்தது: கம்பனிகள் 1,550, அதற்குமேல் வருகைக்கான ஊக்குவிப்பாக அரசாங்கம் 200, மொத்தம் 1,750, 2026 ஜனவரி முதல். எண்ணைத் தாண்டினார்கள், அதற்குப் புள்ளி உண்டு. ஆனால் தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பங்கை வரிப்பணத்தில் கொடுத்திருக்கிறார்கள். “வருகை” என்ற சொல்லும் சம்பளத்தில் ஒட்டிக்கொண்டது. மழைநாளில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் அந்த 200 என்ன ஆகும் என்பதைப் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வடக்கு கிழக்கை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்காமல் விட முடியாது. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை இந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் வடக்கின் 5,941 ஏக்கர் நிலம் பற்றி வர்த்தமானி வந்தது. உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது. போரில் காணி உறுதியைத் தொலைத்தவர்களிடம் உறுதி கேட்ட வர்த்தமானி. எதிர்ப்புக்கும் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடைக்கும் பின் மீளப்பெற்றார்கள். ஏப்ரலில் பலாலி வீதியை மூன்று தசாப்தங்களுக்கு மேல் கழித்துத் திறந்ததையும் எழுத வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்ற வாக்குறுதி முதல் ஆண்டில் நிறைவேறவில்லை. மாகாண சபைத் தேர்தலும் நடக்கவில்லை. இவை இரண்டுக்கும் டொலர் தேவையில்லை என்பதால், “கஜானா காலி” என்ற விளக்கம் இங்கே செல்லாது.

மக்கள் ஏற்கெனவே புள்ளி போட்டுவிட்டார்களா?

ஓரளவுக்கு. நாடாளுமன்றத் தேர்தலில் 61 சதவீதமாக இருந்த தேசிய மக்கள் சக்தியின் வாக்கு, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் 43 ஆனது. உள்ளூரில் எதிரணியின் பழைய ஆட்கள் வலுவானவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டித்வா புயலுக்குப் பிறகு இந்தக் கணக்கெல்லாம் செல்லுமா?

2025 நவம்பர் கடைசியில் வந்த புயலில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்தில் மண், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களோடு சரிந்தது. நேரடிச் சேதம் நான்கு பில்லியன் டொலருக்கு மேல் என்று உலக வங்கி மதிப்பிட்டது. புயல் இரண்டாவது நிரல். எச்சரிக்கை தமிழில் எப்போது வந்தது, நிவாரணப் பட்டியலில் தோட்டத்து லயம் “வீடு” என்று ஏறியதா, செலவழிக்காமல் வைத்திருந்த பணம் இப்போதாவது நகர்கிறதா என்பவை மூன்றாவது நிரல். முதல் ஆண்டுக் கொப்பியை நான் புயலுக்கு முந்திய நாளோடு மூடி, புதுப் பக்கம் தொடங்கினேன்.

கடைசியில் உங்கள் புள்ளிதான் எவ்வளவு?

கப்பலைக் கவிழ்க்காமல் ஓட்டியதற்கு எழுபத்தைந்து. அன்றாட நிர்வாகத்துக்கு நாற்பத்தைந்து. கட்டிக் காட்டியதற்கு முப்பது. சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே மக்களிடம் விளக்கம் சொன்னதற்கு இருபத்தைந்து. கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். கணிதத்தில் எழுபத்தைந்து எடுத்த பிள்ளை தமிழில் சித்தியடைந்ததாக ஆகிவிடாது.

இனி எந்தத் திகதிகளைக் கவனிக்க வேண்டும்?

நாணய நிதியத் திட்டம் முடிய வேண்டியது 2027 இல். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண் கேட்கும் ஆள் இருக்க மாட்டார். 2025 முதல் 2027 வரை பொருளாதாரம் எவ்வளவு வளர்கிறது என்பதைப் பொறுத்து, புதிய பிணைமுறிகளில் ஒரு பகுதிக்கு நாம் கட்டும் தொகை கூடும் அல்லது குறையும். நன்றாக வளர்ந்தால் அதிகம் கட்ட வேண்டும். 2028 இலிருந்து, கடன் தந்த நாடுகளுக்கு மறுசீரமைத்த கடனின் முதலையும் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். கொப்பியில் 2028 க்கு இரண்டு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். மேலே திகதி மட்டும் எழுதியாயிற்று.